முனியாண்டி குடித்த சுருட்டு

பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே தியான மையம் ஒன்று இருக்கிறது. படியேறியதும் சுவரில் என் வீட்டுக்காரர் இருசப்பனின் படம் தெரியும். கீழே ‘புகையை வென்றவர்’ என்று எழுதி நட்சத்திரமெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இடது கண்ணின் இமை லேசாகத் தூக்கியிருப்பது தெரியும். படம் பிடிக்கிறார்களா இல்லையா என்று பார்த்திருக்கிறார். அந்த மனிதரால் எதையும் முழுசாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது.

தோட்டத்துச் செம்பனைக் குலைகளை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிப்போகும் லோரி அவருடையது. அதாவது லோரி தோட்டத்துடையது, அதன் கிளட்ச்சை மிதிக்கும் இடது கால் அவருடையது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் காலால்தான். நான் தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் பொரிக்கும் வடையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே அந்தக் கால் மேல் எனக்கு அக்கறை உண்டு. அந்த ஆளின் மேலும் உண்டு, ஆனால் அதை அவரிடம் சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

அவருக்கு இனிப்பு நீர், ரத்தத்தில் சர்க்கரை. அதோடு காலைக் காப்பிக்கு முன்னால் ஒரு சிகரெட், பின்னால் ஒன்று, லோரியில் ஏறும்போது ஒன்று, இறங்கினதைக் கொண்டாட ஒன்று. போன வருஷம் செம்பனை ஓலையின் முள் ஒன்று அவர் இடது பாதத்தில் ஏறியது. ஏறியது அவருக்கே தெரியாது. வீட்டுச் சிமெண்டுத் தரையில் ரத்தச் சுவடு பார்த்து, “இது யாரு காலுலேர்ந்து வருது?” என்று நான் கேட்டேன். அவரும் என்னோடு சேர்ந்து தேடினார். கடைசியில் கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் நூலால் பாதத்தில் அங்கங்கே தொட்டாள். படும்போதெல்லாம் ‘இருக்கு’ என்று சொல்ல வேண்டும். இவர் பரீட்சையில் முதல் மாணவன் மாதிரி இருக்கு, இருக்கு என்று டக் டக்கென்று சொன்னார். எனக்குத் தெரியாதா என்ன, இடது கண் இமை தூக்கியிருந்தது. நான் டாக்டரிடம் ஜாடை காட்டினேன். அவள் இவர் கண்ணுக்கு முன்னால் ஒரு ஃபைலைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொட்டாள். அதன் பிறகு ஒரு ‘இருக்கு’கூட வரவில்லை.

டாக்டர் திட்டவில்லை. புகை ரத்தக்குழாயை அடைக்கிறது, கால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது, சிகரெட்டை நிறுத்தாவிட்டால் அடுத்தது இங்கே என்று தன் முழங்காலுக்குக் கீழே கையால் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். வீடு வந்து சேரும்வரை எனக்கு அந்தக் கோடுதான் கண்ணில் நின்றது. அவருக்கும் நின்றிருக்கும். ஏனென்றால் வழியில் வண்டியை நிறுத்தி ஒரு சிகரெட் பற்ற வைத்தார்.

சிகரெட்டை மறக்க ஏலக்காய் மென்றார். புதினா மிட்டாய் சப்பினார். நிறுத்துவதும் தொடங்குவதுமாக அவர் விட்ட சிகரெட்டுகளைக் கணக்கெடுத்தால் குடித்ததைவிட அதிகமாக இருக்கும். அப்போதுதான் ரவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கும் என் மகள் நித்தியா போன் செய்தாள்.

“ம்மா, பெர்ஜுந்தாய்ல மெடிடேஷன் கிளாஸ் இருக்கு. பவனேஷ் நடத்துறான், என்கூட ஸ்கூல்ல படிச்சவன். அப்பாவ அனுப்பி வைங்க.”

பவனேஷ் திங்கள் முதல் வெள்ளிவரை இன்சூரன்ஸ் விற்பான், சனி ஞாயிறில் அமைதி விற்பான். வெள்ளை ஜிப்பா போட்டிருப்பான், குரலைத் தாழ்த்திப் பேசுவான். இவர் பாதியில் ஓடிவிடக்கூடாது என்று நானும் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

“அங்கிள், ஆச வரும்போது சண்ட போடாதீங்க. ஜஸ்ட் வாட்ச் பண்ணுங்க லா. அலை மாதிரி வரும், போயிரும்.”

இவருக்கு வந்தது போகவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி கேட்டது. அடுத்த பாடம் உடம்பைக் கவனிப்பது. கால் கட்டை விரலில் தொடங்கி ஒவ்வோர் இடமாக உணர்ந்துகொண்டே மேலே வர வேண்டும். மற்றவர்கள் முட்டி வலிக்கிறது, இடுப்பு பிடிக்கிறது என்று உண்மையைச் சொன்னார்கள்.

“எனக்குப் பாதத்துல ஜில்லுன்னு இருக்கு தம்பி. வெளிச்சம் மாதிரி தெரியுது,” என்றார் என் வீட்டுக்காரர்.

“வாவ் அங்கிள்,” என்றான் பவனேஷ். நைலான் நூல் தெரியாத பாதத்தில் வெளிச்சம் தெரிந்ததை நினைத்து நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் வாய் கூசாமல் பொய் சொல்ல மாட்டேன், மனிதர் விட்டார். உண்மையாகவே விட்டார். உடம்பு வெடவெடவென்று ஆடும். வேர்த்துக் கொட்டும். குழம்பில் உப்பு இல்லை என்று ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்தார், பிறகு தானே பெருக்கினார். காலையில் காப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை இழு, நிறுத்து, விடு என்று பவனேஷ் சொல்லிக்கொடுத்ததை முணுமுணுத்துக்கொண்டே நடுங்கிக்கொண்டிருப்பார். அப்படிப் பார்க்கும்போது எனக்குப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அப்போது எடுத்ததுதான் அந்தப் படம்.

எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமையில் கெட்டது.

எங்கள் தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோயில் இருக்கிறது. முனியாண்டிக்குச் சர்க்கரைப் பொங்கலெல்லாம் பிறகு, முதலில் சுருட்டு. வேண்டுதல் உள்ளவர்கள் பற்றவைத்துப் பீடத்தில் வைப்பார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் ஒரே புகையாக இருக்கும். இவர் என்னோடு வந்தவர், வீட்டில் செய்ய வேண்டிய தியானத்தைச் சாமிக்கு முன்னால் செய்கிறேன் என்று பீடத்துக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மூச்சை ஆழமாக இழுத்தார், நிறுத்தினார், விட்டார். பவனேஷ் சொன்ன மூச்சுதான். ஆனால் பவனேஷின் மாடியில் காற்று இருந்தது, இங்கே சுருட்டு இருந்தது.

இழுக்க இழுக்க உடம்பு ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் காப்பிக் குவளையோடு என் அடுப்படியில் ஆடிய அதே ஆட்டம். ஆனால் கோயில் தலைவர் கார்த்திகேசுவுக்கு அது எப்படித் தெரியும்? அவர் ஒரு காலத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். பழைய சாமியாடி செத்ததிலிருந்து, அருள்வாக்குச் சொல்ல ஆள் இல்லாமல் கூட்டம் குறைகிறதே என்று கவலையில் இருந்தார்.

“முனி எறங்கிட்டாரு,” என்றார் கார்த்திகேசு.

யாரோ மாலை போட்டார்கள். யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். கார்த்திகேசு பீடத்திலிருந்த தடியான சுருட்டை எடுத்து இவர் வாயில் வைத்தார். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பெண்டாட்டி திரும்பி வந்தது மாதிரி அந்த உதடு அதைக் கவ்விக்கொண்டது. முப்பது வருஷமாகக் கோயிலில் கொட்டாவி விடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத மனிதர், அன்றைக்கு நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார்.

முதல் தடவை அவர் நடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் முகமெல்லாம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு ஒன்னுமே தெரியல வள்ளி. கண்ண மூடுனேன். தொறக்கறப்போ தண்ணி தெளிச்சிக்கிட்டு இருந்தாங்க.”

“வாயி நாறுதே.”

“அது என்னுது இல்ல. சாமியோடது.”

அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு வழி திறந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமையும் சாமி வந்தது. பிறகு செவ்வாய்க்கிழமையும் வந்தது. செரண்டாவில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனோம், அங்கேயும் வந்தது. கார்த்திகேசுவின் மருமகன் புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைத்தபோது, டயர் ஏறி நசுக்குவதற்குள் வந்துவிட்டது. கொஞ்ச நாளில் சாமிக்கு நாக்கு நீண்டுவிட்டது. சுருட்டு காரமாக இருக்கிறது, கிராம்பு சிகரெட் கொண்டா என்றது. கார்த்திகேசு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தார். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த முனியாண்டிக்கு இந்தோனேசியக் கிராம்பு சிகரெட் எப்படிப் பழக்கமானது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் மட்டும் ஒரு குச்சி தொடமாட்டார். காலையில் பாய் விரித்துத் தியானம். சட்டைப் பையில் சிகரெட் இருக்காது. “நான் விட்டு எத்தன மாசம் ஆச்சு பாத்தியா,” என்று என்னிடமே பெருமை பேசுவார்.

நான் பவனேஷிடம் போய்ச் சொன்னேன். அவன் கண்ணை மூடி யோசித்தான்.

“டெக்னிக்கலி அங்கிள் குடிக்கல ஆன்ட்டி. அந்த டைம்ல ‘நான்’ங்கறது இல்ல பாருங்க. அது ரொம்ப ஹையர் ஸ்டேஜ்.”

“நொரையீரல் இருக்கா, அதுவும் இல்லையா தம்பி?”

அதற்கு அவன் புன்னகை செய்தான். அதற்கும் தனியாக வகுப்பு எடுத்திருப்பான் போலிருக்கிறது. கார்த்திகேசுவிடம் போனேன். சுருட்டு மட்டும் கொடுக்காதீர்கள், அவர் கால் போய்விடும் என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன்.

“சாமிக்குக் குடுக்கறத நிறுத்த நா யாரும்மா? நாளைக்கி தோட்டத்துல ஒன்னு கெடக்க ஒன்னு ஆனா நீ பதில் சொல்லுவியா? கால அவரு பாத்துக்குவாரு.”

எந்த அவர் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலத்தில் அவர் காலை நான்தான் கழுவித் துடைப்பேன். சுண்டு விரல் இருந்த இடத்துக்குப் பக்கத்து விரல் நுனியில் கறுப்பு தெரிந்தது. கரி ஒட்டியிருக்கிறதோ என்று தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. அவரிடம் காட்டினேன். வண்டி மையாக இருக்கும் என்று சொல்லிக் காலை இழுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் காட்டுவதற்குத் தேதி இருந்தது. அதற்குள் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. இவர் லோரியைக்கூட வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம், சுருட்டு எல்லைக்கு இந்தப் பக்கம். அவருக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. அதற்குள் விரலின் கறுப்பு அடிவரை இறங்கியிருந்தது.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. ரவாங், செரண்டா, சுங்கை ஆயர் தாவார் என்று வேலைக்காகப் பிரிந்துபோன குடும்பமெல்லாம் காரில் வந்து இறங்கின. நித்தியா வந்திருந்தாள். பவனேஷ்கூட வந்திருந்தான், தன் மாணவரைப் போனில் படம் பிடிக்க. உறுமி மேளம் அடித்தவுடன் சாமி வந்தது. அதற்கெல்லாம் காத்திருக்க வைக்கிற சாமி இல்லை. சிவப்புத் துணி, மாலை, ஒரு கையில் அரிவாள், வாயில் சுருட்டு, வெறுங்கால்.

வரிசையாகக் குறி கேட்டார்கள். மகள் கல்யாணம், மகன் வேலை, மச்சான் செய்த துரோகம். எல்லாவற்றுக்கும் சாமி உடனே பதில் சொன்னது. நாலு நம்பர் லாட்டரியில் எந்த நம்பர் விழும் என்று கேட்டவரிடம் மட்டும் கொஞ்சம் யோசித்தது. வரிசை நகர்ந்து நான் முன்னால் வந்தேன். நான் வரிசையில் நிற்பதை அவர் இடது கண் முன்பே பார்த்துவிட்டது.

“என்னாடி வேணும் ஒனக்கு?”

முப்பது வருஷத்தில் என்னை ‘டி’ போட்டு அவர் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் அன்றைக்குச் சோறு கிடைத்திருக்காது.

“ஒரு கேள்விதான் சாமி. நீங்க இழுக்கிற பொகையெல்லாம் எங்க போவுது?”

கார்த்திகேசு குறுக்கே வந்தார். “புஷ்பவள்ளி, நல்லது கெட்டது எதுனா கேளும்மா.”

“எனக்கு இதுதாங்க நல்லது கெட்டது.”

சாமி ஒரு இழுப்பு இழுத்தது. “ஆகாசத்துக்குப் போவுது. எங்கிட்ட வருது.”

“அப்போ எங்க வீட்டுக்காரரு வெரலு ஏன் கறுக்குது? சுருட்டு ஒங்களுது, கால் மட்டும் அவருதா? நாளைக்கி அதை வெட்டுனா ஒங்க கால குடுப்பீங்களா? ஆசையா இருந்தா நேர்ல வந்து குடிங்க சாமி. அவர விட்டுருங்க.”

உறுமிக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கோபம் பாதி, பயம் பாதி. அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள், அந்தக் காலை ஒருவரும் பார்க்கவில்லை.

“என்னையே சோதிக்கிறியா நீ?” என்று சாமி வாயைத் திறந்து கத்தியது. வாயைத் திறந்ததால் சுருட்டு விழுந்தது.

நேராக இடது பாதத்தின் மேல் விழுந்தது. சுண்டு விரல் இருந்த இடத்துப் பள்ளத்தில், நெருப்பு முனை தோலில் படும்படி உட்கார்ந்துகொண்டது. சாமி கத்திக்கொண்டே இருந்தது. மழையை நிறுத்துவேன் என்றது, தோட்டத்தையே காய வைப்பேன் என்றது. காலில் இருந்து மெல்லிசாகப் புகை எழும்பியது. பிறகு வாடையும் வந்தது. அது சுருட்டு வாடை இல்லை.

கார்த்திகேசு அதைப் பார்த்தார். கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். “பாருங்க, நல்லா பாருங்க. சாமிக்கு நெருப்பு சுடல.”

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவர் தரையில் விழுந்தார். பவனேஷ் போனைக் கீழே இறக்கி அந்தப் பாதத்தைப் படம் பிடித்தான். “மைண்ட் ஓவர் பாடி,” என்று யாரிடமோ மெதுவாகச் சொன்னான்.

நான், “கீழ பாருங்க,” என்றேன்.

சாமியின் கண் முதலில் என்னைப் பார்த்தது, பிறகு கீழே போனது. துருத்திய நாக்கு உள்ளே போயிற்று. நான் குனிந்து அந்தச் சுருட்டைக் கையால் தட்டிவிட்டேன். என் விரல் சுட்டுவிட்டது. வெடுக்கென்று இழுத்து வாயில் வைத்துக்கொண்டேன். அவர் என் விரலைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், மறுபடி என் விரலைப் பார்த்தார்.

“ஒனக்கு சுட்டுச்சா?” என்று கேட்டார். அது சாமியின் குரல் இல்லை. ரத்தச் சுவட்டை என்னோடு சேர்ந்து தேடிய மனிதரின் குரல்.

“சுட்டுச்சு.”

“எனக்கு சுடல வள்ளி.”

இதைக் கேட்ட கூட்டம் இன்னும் பலமாகக் கும்பிட்டது. அவர் உதடு கோணிக்கொண்டு போனது. இத்தனை பேருக்கு நடுவில் ஒரு மனிதர் பயத்தில் அழுகிறார், அதற்கும் தேங்காய் உடைக்கிறார்கள். அவர்கள் மேல் வந்த ஆத்திரத்தில் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கார்த்திகேசு புதுச் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்து நீட்டினார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வேணாம் மண்டோரே. என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

“காப்பு கட்டியிருக்குய்யா. எல்ல தாண்டக் கூடாது.”

நான் என் வீட்டுக்காரர் கையிலிருந்த அரிவாளை வாங்கினேன். மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றை அறுத்துக் கார்த்திகேசுவின் தட்டில் போட்டேன். முனியாண்டி கோபித்துக்கொண்டால் என்னிடம் வரட்டும் என்று சொன்னேன். நித்தியா அதற்குள் காரைக் கொண்டுவந்துவிட்டாள்.

பின்சீட்டில் அவர் காலை என் மடியில் போட்டுக்கொண்டேன். தோட்டத்துச் செம்மண் பாதை முடிந்து கார் கோல சிலாங்கூர் ரோடு ஏறியது. பிறகு அவரே சொன்னார்.

“வள்ளி, அந்த டாக்டர் பொண்ணு தொட்டுப் பாத்துச்சே, அந்த மாதிரி தொட்டுப் பாரு.”

கண்ணை மூடிக்கொண்டார். நான் நகத்தால் கட்டை விரலை அழுத்தினேன். பதில் இல்லை. பாதத்தின் நடுவில் அழுத்தினேன். குதிகாலில் அழுத்தினேன். கணுக்காலில் பலமாகவே கிள்ளினேன். நித்தியா கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். டாக்டர் கோடு போட்டுக் காட்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே என் கை வந்தது.

“இருக்கு,” என்றார்.

மறுபடி ஒருமுறை பாதத்திலிருந்து தொடங்கச் சொன்னார். தொடங்கினேன். ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை ஒரு தடவைகூட அவர் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.